நோட்ஸ் அக்காவின் நாற்பத்தொரு வரி

நோட்ஸ் அக்கா இறந்த ஒன்பதாம் நாள் காலை, அவளுடைய டீம் லீடு வீட்டுக்கு வந்தான். துக்கம் விசாரிக்க வருகிறவன் தோளில் லேப்டாப் பையோடு வரமாட்டான். கதவைத் திறந்த மகளுக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அவளும் அதே தொழில்தான், வேறு கம்பெனியில்.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனியில் இருந்தாள். மூன்றாம் மாடி, ஏசி சொட்டும் மூலை. ரத்தப் பரிசோதனை நிலையங்களின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எது உடைந்தாலும் சரிசெய்வாள். செய்த கையோடு கம்பெனியில் எல்லோரும் பார்க்கும் இணையப் பக்கத்தில் குறிப்பு எழுதிவைப்பாள்; அதனால்தான் நோட்ஸ் அக்கா. முதலில் சில வாக்கியங்கள்: இது என்ன செய்யும், எங்கே ஓட்டிப் பார்த்தேன், எங்கே காலை வாரும். அதற்குக் கீழே சாம்பல் நிறப் பெட்டிக்குள் கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள். சக ஊழியர்கள் பெட்டியை மட்டும் காப்பி அடித்துக்கொண்டு போவார்கள். வாக்கியங்களைப் படிக்க அவர்களுக்கு நேரமில்லை. நேரம் டீக்கடைக்கே சரியாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த லீடு வந்து பக்கத்தைச் 'சுத்தம்' செய்தான். வாக்கியங்களை நீக்கினான். அக்காவின் பெயரையும் நீக்கினான். மிச்சத்துக்கு 'டீம் கருவிப்பெட்டி' என்று பெயர் வைத்து, வருடாந்திரக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கினான். அக்கா அன்று வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "மருந்தை வச்சுக்கிட்டு சீட்டைக் கிழிச்சுட்டான்" என்றாள். அவ்வளவுதான். அழித்ததையெல்லாம் தன் லேப்டாப்பில் மறுபடி எழுதினாள். புதியவற்றையும் அங்கேயே எழுதினாள். கேட்டால் கொடுத்திருப்பாள். யாரும் கேட்கவில்லை.

லீடு சோபா நுனியில் உட்கார்ந்தான்.

"அக்கா எங்களுக்கெல்லாம் அம்மா மாதிரி."

"எனக்கு நிஜமாவே அம்மா, சார். சொல்லுங்க."

"ஒரு சின்ன உதவி. முந்தாநாள்லேர்ந்து ரிப்போர்ட் வரிசை மாட்டிக்கிச்சு. கருவிப்பெட்டில இருக்கறதை ரெண்டு தடவை ஓட்டினோம்…"

"என்னாச்சு?"

"ஒருத்தர் ரிசல்ட் இன்னொருத்தர் பேர்ல வந்துருச்சு. பதினாலு பேருக்கு. நல்லவேளை, குடுக்கறதுக்கு முன்னாடி பிடிச்சுட்டாங்க. இப்ப எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கோம். அக்காவோட ஃபைல் இருந்தா…"

அச்சிடும் சேவையை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள். அக்காவின் குறிப்பில் முதல் வாக்கியமே 'முதலில் அச்சிடும் சேவையை நிறுத்தவும்' என்பதுதான். இவன் அழித்த வாக்கியம்.

எழுந்து கதவைக் காட்டலாம் என்றிருந்தது மகளுக்கு. சமையலறை வாசலில் நின்ற அப்பா வாயைத் திறந்தார்.

"குடுத்துடும்மா. அவ யாரையும் இல்லைன்னு அனுப்பினதில்ல."

"அவ குடுத்ததைத்தான்பா இவரு கிழிச்சுப் போட்டாரு."

"சரி. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கறவன் என்ன தப்பு பண்ணான்?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கொடுத்தால் நாளைக்கே வாக்கியமும் போகும், அம்மாவின் பெயரும் போகும். அடுத்த பதினாலு பேர் மாட்டுவார்கள். கொடுக்காவிட்டால் இன்று ஏதோ நோயாளி முடிவு தெரியாமல் உட்கார்ந்திருப்பான்.

அம்மாவின் லேப்டாப்பை எடுத்துவந்து, திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"உங்க லேப்டாப்லேர்ந்து ஆபீஸ் சிஸ்டத்துக்கு கனெக்ட் பண்ணுங்க. நான் வாசிக்கறேன், நீங்க அடிங்க."

"ஃபைலை அனுப்பினா ரெண்டு நிமிஷ வேலை."

"ரெண்டு நிமிஷத்துல நீங்க பண்ற வேலையத்தான் பாத்தாச்சே. அடிங்க சார்."

முதல் வாக்கியத்தை வாசித்தாள். அவன் தலை தூக்கினான்.

"இதையுமா?"

"இதைத்தான் முதல்ல. அடிச்சுட்டு, அது சொல்றதைச் செய்யுங்க."

மொத்தம் நாற்பத்தொரு வரி. பதினைந்து பேரை மேய்க்கும் லீடு, ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினான். அடைப்புக்குறியைத் திறந்தான், மூட மறந்தான். ஆறாவது வரியிலேயே சட்டை நனைந்துவிட்டது. பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாவது வரி கட்டளை இல்லை. அக்கா எழுதியிருந்தாள்: 'இதை ஓட்டும்போது பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளவும். நான் தனியாக ஓட்டிப் பயந்திருக்கிறேன்.'

மகளால் உடனே வாசிக்க முடியவில்லை. அம்மா எதற்கும் பயந்ததாக அவளுக்குத் தெரியாது. வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை, குறிப்பைப் படிக்கவே போகாத ஆபீஸ்காரர்களுக்காக எழுதிவைத்திருக்கிறாள். கிடைத்த இடைவெளியில் லீடு போனைப் பார்த்துக்கொண்டான்.

"இன்னும் எத்தனை வரி?" என்றான்.

மதியம் பன்னிரண்டரைக்கு வரிசை நகர்ந்தது. சரியான பெயரில் சரியான முடிவு வந்தது. அவன் உடனே போனில், "ஆமா சார், நானே உக்காந்து சரி பண்ணிட்டேன்" என்றான். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

செருப்பை மாட்டும்போது லீடு கேட்டான்.

"மத்த குறிப்பையும் மெயில்ல போட்டுடுங்களேன். கருவிப்பெட்டில சேத்துடலாம்."

"இன்னும் நூத்தி எண்பது இருக்கு. வாங்க, வாசிக்கறேன். அடிச்சுக்குங்க."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தபடியே படியிறங்கிப் போனான்.

நான்கு மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. நன்றி இல்லை, வணக்கம் இல்லை. 'மேல இருக்கற வாக்கியத்தையெல்லாம் எடுத்துட்டாலும் ஓடும்ல?'

அவள் பதில் எழுதினாள்: 'ஓடும். போன தடவையும் ஓடிச்சு.'