ஆழமாக வெட்டிய பெயர்

கல்தச்சர் மோஸ்கியோன், அரசிகளின் பெயரை ஆழமாக வெட்டுவதில்லை. உளியைச் சாய்த்துப் பிடித்து, நகத்தால் கீறியது போல மேலோடு எழுதிவிட்டு, கீறலில் செஞ்சாயம் பூசிவிடுவார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஜம்மென்று இருக்கும். கேட்டால், “மறுபடி நான்தானே செதுக்கி எடுக்கணும்? இடுப்பு போயிடுது தம்பி” என்பார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் துறைமுகத்தில் சண்டை முடிந்ததை நாங்கள் கல்யாணத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். நேற்றுவரை எங்கள் மதிலை இடித்துக்கொண்டிருந்தவரின் மகள், இன்று முக்காடு போட்டுக்கொண்டு கப்பலிலிருந்து இறங்குவாள். ஊரெல்லாம் எள்ளுருண்டை. மண்டபத்துக்கும் படித்துறைக்கும் அவள் பெயர். சில வருடம் போனால் அரசருக்கு வேறு கூட்டாளி, வேறு மாமனார். ஊர்மன்றத்து எழுத்தனான நான் ஆணையை வாசிப்பேன். மோஸ்கியோன் உளியை எடுப்பார். இப்படி மூன்று அரசிகளைப் பார்த்தாயிற்று.

வேலை நேரத்தில் அவர் தலை, புருவம், கையிலிருக்கும் ரொட்டி எல்லாமே பளிங்குத் தூளில் வெளுத்திருக்கும். பிற்பகலில் கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்தால், மனிதர் எங்கே முடிகிறார், மூட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. உளிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். அதைக் கேட்டபடி எழுதுகோலும் கையுமாக எத்தனையோ நாள் கண்ணயர்ந்திருக்கிறேன்.

கிளியோனிகே அரசி வந்திறங்கிய ஆண்டில் பிறந்த பெண் குழந்தைகளில் பாதிக்கு அதே பெயர். பெயரோடு அதிர்ஷ்டமும் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பைத்தியம். மோஸ்கியோனின் மகளும் ஒரு கிளியோனிகே. ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள்.

இந்த வசந்தத்தில் அந்த அரசியை அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அப்பனோடு மறுபடி சண்டை. அவள் பெயர் எந்தக் கல்லில் தெரிந்தாலும் அந்தக் கல்லை உடைக்க வேண்டும் என்று ஆணை. ஒரே காலையில் தெருவிலிருந்த கிளியோனிகே எல்லாம் வேறு பெயருக்கு மாறிவிட்டார்கள்.

மண்டபத்து வேலையை முடித்துவிட்டு மோஸ்கியோன் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“இடுகாட்டுக் கல்லும் இதுல சேத்தியா?”

“எந்தக் கல்லும்னு போட்டிருக்காங்கண்ணே. நாளைக்குப் படைவீரங்க வந்து பாக்கறாங்க. நீங்களே செதுக்கி எடுத்துடுங்களேன்.”

“முடியாது. அத மட்டும் ரெண்டு விரக்கடை இறக்கி வெட்டிட்டேன். எடுத்தா கல்லே பொளந்துடும்.”

“வேற கல்லு வெச்சு, வேற பேர் போட்டா?”

“உசுரோட இருக்கிற புள்ளைங்க வேற பேர்ல கூப்பிட்டாத் திரும்பும். எம்புள்ள எப்படித் திரும்பும் தம்பி?”

 ஆணையை இன்னொரு தரம் படித்தேன். ‘தெரிந்தாலும்’ என்ற சொல்லில் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினேன். அதைப் படித்தவர் எழுந்து நடந்தார்; நானும் பின்னால் போனேன்.

மதிலுக்கு வெளியே இடுகாட்டில், மூட்டத்துக்குள், அந்தச் சின்னக் கல்லைப் பெயர்த்து இருவருமாகக் குப்புறச் சாய்த்தோம்.

“அவ படிச்சாப் போதும்” என்றார்.

கல் தரையைத் தொட ஒரு சாண் இருக்கையில், “கொஞ்சம் தாங்கிக்க” என்றார். அடியில் கையை விட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரலை ஓட்டினார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, விடலாம் என்று தலையசைத்தார்.