பொள்ளாச்சி ரோட்டில் சுகம் விசாரித்தவர்

லண்டன் போலீசும் கல்கத்தா போலீசும் கப்பலேறி வந்து கைகட்டிப் பாடம் கேட்க வேண்டிய ஆள் கோயமுத்தூரில் ஒருவர் இருந்தார் என்றால், அவர் கான்ஸ்டபிள் அங்கப்பன்தான். அவர் கையைத் தூக்கினால் நொய்யல் ஆறே இடது ஓரமாக ஒதுங்கி நின்று, "போகட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓடும். நின்ற மாட்டுவண்டியை நகர்த்துவது ஒன்றுதான் அவரால் ஆகாத காரியம்.

பொள்ளாச்சி ரோடு ஊருக்குள் நுழையும் முச்சந்தியில் ஆறு வருஷமாகச் சிவப்புத் தலைப்பாகையோடு வெயிலில் காய்ந்தார். வண்டி பெருத்துப்போனதால் நெரிசல் என்றார்கள் முனிசிபாலிடிக்காரர்கள். அங்கப்பனைக் கேட்டால் சொல்லியிருப்பார், நெரிசலுக்குக் காரணம் மரியாதை. கிணத்துக்கடவுத் தேங்காய் வண்டியும் காங்கேயத்து வண்டியும் எதிரெதிரே வந்தால், ஓட்டுகிறவர்கள் எப்படியும் சொந்தமாகத்தான் இருப்பார்கள். சொந்தத்தைப் பார்த்து நிற்காமல் போனவனுக்கு அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது.

"ஏனுங் மச்சான், ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? அக்காளுக்குக் கால்வலி தேவலைங்களா?"

"வண்டியை எடுங்க சாமி!" என்று அங்கப்பன் கத்துவார். பின்னால் பஸ் ஊதும்.

"இதா, எடுத்துட்டேனுங்க. மச்சான், நீங்க முன்னால போங்க."

"அதெப்படிங்க? நீங்க போங்க."

இரண்டு பேரும் போகமாட்டார்கள்.

ஒரு சந்தை நாளில் இன்ஸ்பெக்டரின் மோட்டாரே இதில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டது. "அடுத்த சந்தைக்கும் இப்படின்னா, மேட்டுப்பாளையத்துக்கு அப்பால மலையடிவாரச் சாவடிக்கு மாத்திப்போடுவேன்" என்றார். முன்பு அங்கே போன கான்ஸ்டபிளைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. சேதி கேட்ட அங்கப்பன் மனைவி நாச்சியம்மாள் அடுப்புப் பற்றவைக்கவே மறந்துவிட்டாள்.

எரிச்சலில்தான் அவருக்கு யோசனை பிறந்தது. சுகம் விசாரிக்கத்தானே நிற்கிறார்கள்? அதைத் தானே விசாரித்துவிட்டால்? மறுநாள் முதல் ஒவ்வொரு வண்டியோடும் நாலடி நடந்து சேதி வாங்கினார். எதிரே வருகிறவர்களிடம் கொட்டினார்.

"காங்கேயத்துக்காரரே, உங்க மச்சான் சௌக்கியம், அக்காளுக்குக் கால்வலி தேவலை, செவலைப் பசு கன்னு போட்டிருக்குது, நடங்க, நடங்க!"

வண்டிகள் நகர்ந்தன. அங்கப்பனுக்குத் தொண்டை கட்டியது. ஜில்லாவில் யாருக்கு எந்தப் பக்கம் வாயு பிடித்திருக்கிறது என்பதெல்லாம் தன் தலையில் ஏறிவிட்டதே என்று நொந்துகொண்டார்.

சந்தை நாள் வந்தது. நாலாம் பாரம் படித்ததோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சுற்றிய சென்னகிருஷ்ணன், இதை எழுதுகிறவனும் அவன்தான், அன்றைக்காவது சும்மா இருந்திருக்கலாம்.

"அங்கப்பண்ணா, கிணத்துக்கடவு ஆறுச்சாமி மக பூவாத்தாளுக்கு ரெட்டைப் புள்ளைங்களாமா!"

அங்கப்பன் நம்பி, அடுத்த வண்டிக்குச் சொன்னார். அதில் இருந்தவர் பூவாத்தாளின் பெரியப்பா. பிள்ளைகளைப் பார்க்க வண்டியை நடுரோட்டிலேயே திருப்பினார். பின்னால் வந்த அத்தை கருப்பாத்தாளின் வண்டியும் திரும்பியது. அப்புறம் இன்னும் ஐந்து. நுகத்தடிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டன. நடுவில் இரண்டு பஸ். இதற்குள் ஆறுச்சாமியே தேங்காய் வண்டியோடு வந்து சேர்ந்து, "எம் பொண்ணுக்கு இன்னும் மாசமே நெறையலைங்களே!" என்று வாயைப் பிளந்தார். வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கப்பனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எவன்யா இந்தப் புளுகைக் கிளப்பினது?" என்று அன்றைக்கும் மோட்டாரில் வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

அங்கப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "நாந்தானுங்க. காதுல தப்பா உளுந்துபோச்சுங்க."

மலையடிவாரச் சாவடிக்கு அந்த இடத்திலேயே மாற்றல் சொல்லிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு வந்தது. வண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதியதாம். அங்கப்பன் இல்லாவிட்டால் முச்சந்தியே பாழ் என்றது. படித்த இன்ஸ்பெக்டர், மாற்றலை ஒரு மாதம் தள்ளிவைத்து, மனுவை அங்கப்பன் கையில் கொடுத்தார்.

அதோடு அங்கப்பன் நேரே சென்னகிருஷ்ணனிடம் வந்தார். தொண்டை இன்னும் கரகரவென்றுதான் இருந்தது.

"ஏங்கண்ணு, 'பொய் சொன்னவனைக் காட்டிக் கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட உத்தமர்'னு இதுல எழுதியிருக்குது. வண்டிக்காரங்க என்னையில்ல புளுகன்னு திட்டிப்போட்டுப் போனாங்க? கிளப்பினது நானில்லைன்னு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நானு."

சென்னகிருஷ்ணன் ரோட்டைப் பார்த்தான். அன்றைக்கென்று பார்த்து ஒரு வண்டியும் வரவில்லை.