மேசைமேல் கவிழ்ந்த மஞ்சள் பை

மடுகரைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது, நெல் அறுப்புக் காலத்தில் ஓர் அம்மா வருவார். வைக்கோல் தூசி பட்டால் தும்மித் தீர்ப்பார். சிவந்த மூக்கில் கல் மூக்குத்தி மட்டும் கம்பீரமாக மின்னும்.

கடையில் வாங்கி விழுங்கியதை டாக்டரிடம் மறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொன்னால் திட்டுவாரே என்ற பயம். இவர் மட்டும் உட்காரும் முன்பே மஞ்சள் பையைக் கவிழ்த்துவிடுவார். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, அலர்ஜி மாத்திரை, தீர்ந்துபோன அட்டைகூட மேசையில் விழும்.

ஒருநாள் அவருடைய நெஞ்சுச் சளிக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதப் போனார்.

"இன்னாம்மா, மருந்துக்கடையே வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்.

"திட்றதுன்னா திட்டுங்க சார். புது மாத்திர இதுங்களோட ஒத்துப்போவுமான்னு பாத்துட்டு எழுதுங்க."

டாக்டர் ஸ்பிரேயைத் திருப்பிப் படித்தார். சிரிப்பு நின்றது.

"நல்லவேளை காட்டினீங்க. நான் எழுத இருந்தது இந்த ஸ்பிரேவோட சேரக் கூடாது, ஸ்பிரே மருந்து உடம்புல தேங்கிடும். வேற தரேன். அலர்ஜி மாத்திரைய நிறுத்த வேணாம்."

"சீக்கிரம் வாம்மா!" என்று வாசல் வரிசையில் நின்ற ஒருவர் கத்தினார்.

"என் ஒடம்புபா. கேட்டுட்டுத்தான் வருவேன்."

எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிக்கொண்டு, தும்மியபடியே நிமிர்ந்து நடந்தார். எங்கள் ஊர்க்காரி என்று எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. பெயரைத்தான் கேட்டுவைக்கவில்லை.

அடுத்து உள்ளே வந்தவர் கத்திய அதே ஆள். உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"திட்றதுன்னா திட்டுங்க சார்."