சாலம்மாளின் கையும் குரலும்

பாப்பாரப்பட்டியில் சாலம்மாள் கடைக் களியில் கட்டி இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே போயிருப்பேன். அறுபத்தைந்து வயதிலும் பெரிய அண்டாவில் ராகி களியைத் தனியாளாகக் கிண்டுகிறவர் அவர். தினமும் அங்கே சாப்பிடுகிற என் தட்டிலேயே போன வருஷம் மாவுக்கட்டி வந்தது. பேசாமல் விழுங்கினேன். மற்றவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

களி கிண்டும் துடுப்பைத் திருப்ப அவர் கையில் பலமில்லை. வயதானால் தசை கரையும், முட்டையும் பருப்பும் சாப்பிட்டு எடை தூக்கிப் பழகினால் மெல்ல மெல்லத் தேறும் என்றார் டாக்டரம்மா. அந்த 'மெல்ல'தான் சாலம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"அதுவரைக்கும் கடைய யாரு தம்பி பாக்கறது? ஓசூருல மக வூட்ல போயி பாரமா உக்காரவா?"

அவருடைய அக்கா மகன் இளம்பரிதி ஜிம் நடத்துகிறான். ஆம்பளைகளுக்கான ஹார்மோன் ஊசியைக் கொண்டுவந்து அவனே போட்டுவிட்டான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கே இரண்டு பேருக்குமே மட்டு. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், கைக்குப் பலம் வந்தது. கூட்டமும் திரும்பியது.

கூடவே குரல் கரகரத்தது. சளி என்று மிளகுக் கசாயம் குடித்துப் பார்த்தார். குரல் இறங்கிக்கொண்டே போனது. மகள் மலர்விழி போன் செய்தால் என்னைப் பேசவிட்டு, "அம்மா வேலையா இருக்காங்க" என்று சமாளிக்க வைத்தார். கடைசியில் டாக்டரம்மாவிடம் ஊசி விஷயம் உடைந்தது.

"உடனே நிறுத்துங்க. பழைய குரல் முழுசா வருமான்னு இப்பவே சொல்ல முடியாது."

நிறுத்தினால் கைப்பலம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. நேற்றுக் காலை இளம்பரிதி அடுத்த ஊசியோடு வந்து நின்றான்.

"வேண்டாங்க," என்றேன் சாலம்மாளிடம்.

"ஊர்த் திருவிழாக் கூட்டம் முடியட்டும் தம்பி. அப்புறம் நிறுத்திக்கறேன்." கிண்டுவதை அவர் நிறுத்தவில்லை.

அப்போது போன் அடித்தது. பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"சொல்லு கண்ணு."

"யாருங்கண்ணா பேசறது? அம்மாகிட்ட குடுங்க."

"நாந்தான்டி."

"வெளையாடாதீங்க. எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு? எதுக்கு எல்லாரும் மறைக்கறீங்க?" மலர்விழி அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாலம்மாள் துடுப்பை விட்டார். களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. ஊசியோடு நின்றவனை அவர் பார்க்கவேயில்லை. போனை என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. நாந்தான் அவ அம்மான்னு சொல்லுங்க."