ஆறரை வள்ளம்

யாழ்ப்பாணத்தில் நாடகம் நடிக்கிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் ஏதோ பெரிதாக நினைத்துவிடுகிறார்கள். நான் நயினாதீவில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்கிறவள். சனி ஞாயிறுகளில் மட்டும் நாடகக்காரி. காலை ஏழு மணிக்கு வள்ளம், குறிகட்டுவானில் இறங்கினால் பஸ், பஸ்ஸில் இடம் கிடைத்தால் புண்ணியம். ஒன்பதரைக்குப் பயிற்சி மண்டபத்துக்குள் காலை வைக்கும்போதே அன்றைய பலம் முடிந்திருக்கும்.

அங்கே பார்த்தால் வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் எல்லாரையும் நிலத்தில் படுக்கச் சொல்லுவார். "உடம்பைத் தளர விடுங்கோ. நீங்கள் ஒரு இலை. காற்றில மிதக்கிறீங்கள்." நானும் படுத்து மிதப்பேன். ஒருநாள் மிதந்து மிதந்து குறட்டை விட்டுவிட்டேன். எழும்பிப் பார்த்தால் முழுக் கூட்டமும் சுற்றி நின்று சிரிக்கிறது. பயிற்சியாளருக்கோ பெருமை, இவ்வளவு ஆழமாகத் தளர்ந்தவர்களை அவர் கண்டதில்லையாம். தளர்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது! நாலரை மணிக்கு எழும்பிக் குசினி அடுப்படியில் நின்றவளின் நித்திரை அது.

எங்கள் குழுவில் ஏழு பேர். அதில் ஒருவராக நடித்துக்கொண்டே நாடகத்தை எழுதி நெறிப்படுத்துகிறவர் பட்டணத்தில் ஒரு நாடக ஆசிரியர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், ஆனாலும் எல்லாருக்கும் அவர் 'சேர்'தான். நல்ல மனிசன். என் வள்ளத்தை மனதில் வைத்துத்தான் அவர் எனக்குப் பாத்திரம் எழுதுவார். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கடைசி வள்ளம் ஆறரைக்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் நான் நாலரைக்கே மண்டபத்தைவிட்டு வெளிக்கிட வேண்டும். நாடகங்கள் பெரும்பாலும் மூன்றரைக்குத் தொடங்கும். ஆகவே முதல் நாடகத்தில் இரண்டாம் காட்சியிலேயே எனக்குப் பாம்பு கடித்தது. அடுத்ததில் கனடாவுக்குப் போய்விட்டேன். அதற்கடுத்ததில் முதல் காட்சியில் மூன்று வரி பேசிவிட்டு மாலை போட்ட படமாகச் சுவரில் ஏறினேன். ஒன்பது வருடமாக இதுதான் கதை. செத்த முகப்பூச்சோடு பஸ்ஸில் ஏறி, வேலணை தாண்டுவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

நாடகம் முடிந்ததும் நடித்தவர்கள் எல்லாரும் மேடைக்கு வந்து, வரிசையாகக் கை கோத்து நின்று, சபையைக் கும்பிடுவார்கள் அல்லவா? அந்த வரிசையில் நான் ஒருதரம்கூட நின்றதில்லை. மற்றவர்கள் கைத்தொலைபேசியில் அனுப்பும் படங்களில்தான் அதைப் பார்ப்பேன். ஆறு பேர் நிற்பார்கள். ஏழாவது ஆள் அந்நேரம் பண்ணைப் பாலத்தில் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் என்ன என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டாயிற்று. வீட்டில் என் மனிசன் இருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோயிற்று. பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து சாப்பாடு தீத்தி, ஐந்தரைக்கு மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார். அதைக் குடித்தால் மனிசன் ஒரு மணித்தியாலம் கண்ணயர்ந்துபோவார். அதன்பிறகு அவரைத் தூக்கிக் கட்டிலில் போட, துடைக்க, திருப்பிப் படுக்கவைக்க நான்தான் வேண்டும். அந்த அக்காவுக்கு முதுகு ஏலாது.

நல்லாய் இருந்த காலத்தில் அந்த மனிசன் என் நாடகத்துக்குப் பரம எதிரி. "கண்டறியாத நாடகம்! இருக்கிற வேலை காணாதெண்டு ஊர் ஊராய்ச் செத்துக் காட்டப் போறா" என்று நொட்டை சொல்லாத கிழமை இல்லை. ஒருதரம்கூட வந்து பார்த்ததில்லை. நானும் கூப்பிடவில்லை, எனக்கும் வீம்பு. விழுந்தபிறகுதான் ஆள் மாறினார். சொற்கள் வாய்க்குள் உருண்டுதான் வரும். எனக்கு விளங்கும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து துடைத்துவிடும்போது, "கடைசியில என்ன நடந்தது?" என்பார். "ஆருக்குத் தெரியும், நான் பஸ்ஸில வந்திட்டன்" என்பேன். கைத்தொலைபேசிப் படத்தைக் காட்டுவேன். "இதில நீர் எங்கை?" என்று கேட்பார். அப்படியே அந்தத் தொலைபேசியைக் கடலில் எறிந்தால் என்ன என்று வரும்.

அதற்குப்பிறகுதான் எனக்கு அந்த ஆசை தலைக்கேறியது. ஒரேயொருதரம் நானும் அந்த வரிசையில் நிற்க வேண்டும், இந்த மனிசன் அதைத் தன் கண்ணால் காண வேண்டும். அவரை வள்ளத்தில் ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. கோயிலுக்கு வந்துபோகிற சனத்துக்குள், வள்ளம் கட்டுகிற ஜெற்றியின் செங்குத்தான படியில் நாலு பேர் தூக்கினாலும் இறக்க ஏலாது. ஆகவே நாடகத்தை இங்கே கொண்டுவர வேண்டும். சேரிடம் கேட்டேன். வாழ்க்கையில் நான் ஒருவரிடம் அப்படிக் கெஞ்சியது அதுதான் முதல். அவர், "அப்பிடியெண்டால் இந்தமுறை உங்களைச் சாக்காட்டாமல் எழுதிறன் அக்கா" என்றார்.

எழுதினார். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி தங்கைமார் வீட்டை விற்கப் பார்க்க, விடமாட்டேன் என்று நிற்கும் மூத்த அக்கா நான். தொடக்கத்திலிருந்து முடிவுவரை மேடையில் நான் இருக்கிறேன். எழுத்துப் பிரதியைப் பார்த்து பஸ்ஸிலேயே கண் கலங்கிப்போனேன். ஒத்திகையில் மட்டும் பழைய கதைதான். கடைசிக் காட்சி வரும்போது நான் வெளிக்கிட்டுவிடுவேன், எனக்குப் பதிலாக வேறொருத்தி நிற்பாள். பேச்சை வீட்டில் குசினிச் சுவருக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம் என்று முடிவாயிற்று. முதல்நாள் சேர் தொலைபேசியில் கேட்டார்: "கடைசி வள்ளம் எத்தனைக்கு அக்கா?"

"ஆறரைக்குச் சேர்" என்றேன். மூச்சுவிடாமல் சொன்னேன். ஒன்பது வருடமாக என் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருக்கிற நேரம் அல்லவா அது.

மூன்று மணிக்கு மண்டபத்தில் ஒரு குருவி இல்லை. எங்கள் ஊர்ச் சனம் வெயில் தாழாமல் வெளிக்கிடாது. நாலு மணிக்குத்தான் நிறைந்தது. பக்கத்து வீட்டு அக்கா என் மனிசனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுவந்து முன்வரிசையில் விட்டார். தோய்த்து மடித்த வெள்ளைச் சேர்ட், நெற்றியில் திருநீறு. நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார், சத்தியமாய்.

சரி, தொடங்கலாம் என்றால், விளக்கேற்றல். பிறகு வரவேற்புரை. பிறகு ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. ஒருவரைப் பேசவிட்டு மற்றவரை விட்டால் பிறகு ஊருக்குள் முகம் பார்க்க ஏலாது. பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் சேர் அந்தரப்பட்டுக்கொண்டு வந்தார். "அக்கா, நேரம் காணுமே?"

"ஆறரை மட்டும் கிடக்குச் சேர். அவசரப்படாதேங்கோ" என்று நான் பெரிய மனிசிபோல் சொன்னேன்.

நாலே முக்காலுக்குத் தொடங்கினோம். நன்றாகத்தான் போனது. மேற்குப் பக்க யன்னலால் வெயில் நேரே என் கண்ணில் விழுந்ததால் முன்வரிசை எனக்குக் கரியநிழலாகத்தான் தெரிந்தது. பரவாயில்லை, அவர் அங்கே இருக்கிறார் என்று தெரியும், அது போதும். கடைசிக்கு முதல் காட்சியில் தம்பியாக நடிப்பவர் கோபித்துக்கொண்டு வெளியே போகிறார். அந்த நேரம் ஜெற்றிப் பக்கமிருந்து வள்ளத்தின் ஹோர்ண் கேட்டது. இரண்டு தரம், நீளமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறரை வள்ளம் குறிகட்டுவானிலிருந்து இங்கே *வருகிற* வள்ளம்! அது இங்கிருந்து ஆறு மணிக்கே வெளிக்கிட்டு அங்கே போய், ஆறரைக்கு அங்கிருந்து வெளிக்கிட்டுத் திரும்பி வந்து, இரவுக்கு இங்கேயே கட்டிக்கிடக்கும். தீவைவிட்டு வெளியே போகிற கடைசி வள்ளம் ஆறு மணிக்கு. பின்னேரத்தில் தீவைவிட்டுப் போகவேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. பிறந்து வளர்ந்த ஊரின் வள்ளநேரத்தை நான் பாதிதான் அறிந்து வைத்திருந்திருக்கிறேன். கோதாரி பிடித்த என் மண்டை!

திரைக்குப் பின்னால் ஓடினேன். சேரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. வள்ளக்காரர் பத்து நிமிசம் பொறுப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார், அதற்கு மேல் ஏலாதாம். ஒருத்திக்கு வீட்டில் பால்குடிக் குழந்தை. ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. கடைசிக் காட்சியில் என்னோடு வரவேண்டிய மூன்று பேரும் போவதா நிற்பதா என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு பாட்டம் கத்தியிருப்பேன். ஆனால் ஆரைக் கத்துவது? ஒன்பது வருடமாக நான் பாதியில் எழும்பிப் போக, ஒரு முகம் சுளிக்காமல் வழிவிட்டவர்கள் அவர்கள். "ஓடுங்கோ" என்றேன். "வேசத்தை வள்ளத்தில கழட்டலாம். ஓடுங்கோ."

ஆறு பேரும் பின்வாசலால் ஓடினார்கள். சேர் ஓடிக்கொண்டே திரும்பி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றார்.

நான் தனியே மேடைக்கு வந்தேன். சபை பார்த்துக்கொண்டிருக்கிறது. மேடையின் விளிம்புக்கு வந்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்: "மிச்ச ஆக்கள் வள்ளத்துக்குப் போட்டினம்."

வேறு எங்கேயாவது என்றால் கூச்சல் போட்டிருப்பார்கள். எங்கள் சனத்துக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. "அதுக்கென்ன, நேரமாச்சுத்தானே" என்று ஒருவர் சொன்னார். நடுவிலிருந்து ஒரு மனிசி எழும்பி, "அப்ப அந்த வீடு வித்ததோ இல்லையோ, அதைச் சொல்லிப்போட்டுப் போம்" என்றாள்.

சொன்னேன். தம்பியின் இடத்தில் நின்று தம்பியாகப் பேசி, மற்றப்பக்கம் நடந்துபோய்த் தங்கையாகப் பேசி, நடுவுக்கு வந்து நானாகப் பேசினேன். ஒத்திகை பார்க்காத காட்சி. இரண்டு இடத்தில் பேச்சு விட்டுப்போய், வாயில் வந்ததைச் சொன்னேன். வீடு விற்கப்படவில்லை, ஆனால் ஒருவரும் அதற்குத் திரும்பி வரவுமில்லை. அவ்வளவுதான் முடிவு. சனம் கைதட்டியது. நான் கையைக் கூப்பித் தனியே கும்பிட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் வெறும் பலகை. ஒன்பது வருடம் இதற்காகவா ஏங்கினேன் என்று வந்தது.

சனம் கலைந்தபிறகு முன்வரிசைக்கு இறங்கி வந்தேன். என் மனிசன் தலை ஒருபக்கம் சரிந்து, வாயோரம் எச்சில் வழிய, நல்ல நித்திரை. பக்கத்து வீட்டு அக்கா சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். "ஐஞ்சரைக்குக் குளிசை குடுத்திட்டன் பிள்ளை. நீ நேரத்துக்குக் குடுக்கச் சொன்னனீ எல்லே. குடுத்தவுடனை சரிஞ்சிட்டார்."

அவரில் என்ன பிழை? நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லி நாலு வருடமாக உயிரை வாங்குகிறவள் நான்தான். எனக்கு அந்த இடத்திலேயே குந்தியிருந்து ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. அதற்கும் பலமில்லை. நாற்காலியின் பூட்டைக் கழற்றித் தள்ளினேன்.

வாசலின் சின்னப் படியில் நாற்காலி இறங்கிய குலுக்கத்தில் கண் விழித்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் அப்பிய பூச்சு, மூத்த அக்காவின் பழஞ்சேலை. அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வடிவாய் இருந்தது" என்றார். சொல்லைத் தேடித் தேடிச் சொன்னார். "கடைசியில எல்லாரும் கை கோத்து நிண்டது. நீர்தான் நடுவில. நான் பார்த்தனான்."

பக்கத்து வீட்டு அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓமப்பா" என்றேன். "ஏழு பேரும் நிண்டனாங்கள்."