பீரோவில் வளர்ந்த அகத்தி

காலணியைக் கதவுக்கு வெளியே விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் சிதம்பரம் தன் துணி பீரோவைத் திறப்பார். உள்ளே துணி கிடையாது. மேலே இரண்டு டியூப் லைட், கீழே இரண்டு தகர டப்பாவில் மண், அந்த மண்ணில் இரண்டு அகத்திச் செடி. சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுப்பார். ஆலையில் இரும்பை அளக்கிற கருவி அது. அதன் வாயைச் செடியின் தண்டில் மெல்லப் பொருத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். "நாலு மில்லி, அதுக்கு மேல ரெண்டு கோடுங்க்கா. நேத்தைக்கு ஒரு கோடுதான் இருந்துது." பீரோக் கதவின் உட்புறம் சாக்கட்டியால் அதை எழுதி வைப்பார்.

அவருடைய கோட்டும் கால்சட்டைகளும் ஜன்னல் கைப்பிடியில் தொங்கும். சித்திரை முடிந்ததிலிருந்து மனிதர் கசங்கிய உடுப்பில்தான் வேலைக்குப் போனார்.

சிதம்பரம் கோயமுத்தூர் பீளமேட்டுக்காரர். வயது நாற்பத்தொன்று. ஜெர்மனியில், ஹனோவரில் ஓர் ஆலையில் லேத்தில் நிற்கிறார்; வந்து எட்டு வருஷம். விரலில் இரும்புத் தூள் ஏறி, நான் சமையல்கட்டில் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் திரும்பி வந்தது. அதில் ஒரு சீட்டு, தமிழில்: 'ஒரு டம்ளர் ரசம் கிடைக்குமா?' இந்த ஊரில் யார் படிப்பார்கள் என்று எழுதினாரோ! அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அவர் அறைக்கு ஒரு நடை போய் வருவேன்.

எதையும் அளந்துதான் பேசுவார். குழம்பில் உப்புக் குறைந்தால், "அரை நூல் கம்மிங்க்கா" என்பார். இந்த ஊர்க்காரர்கள் சிரிப்பதைப் பற்றி, "ஒரு மில்லிக்கு மேல வாயத் தொறக்க மாட்டாங்க" என்பார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் தம்பி என்று கேட்டதற்கு, "அம்மா பொண்ணு பாத்துட்டுத்தான் இருந்தாங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

அந்த அம்மா போன வருஷம் ஆடி மாதம் கண்ணை மூடிவிட்டார்கள். தந்தி பழைய விலாசத்துக்குப் போய்ச் சுற்றி, நாலு நாள் கழித்து இவர் கைக்கு வந்தது. அதற்குள் தம்பி கொள்ளி வைத்து, பேரூர் ஆற்றில் சாம்பலையும் கரைத்தாயிற்று. மூத்த மகன் ஒன்றும் தெரியாமல் இங்கே இரும்பு கடைந்துகொண்டிருந்தார். "அம்மா போன நேரத்துக்கு இங்க மணி என்னன்னு பாத்தேனுங்க்கா. டீ குடிக்க உட்ட நேரம். என் வாயில பிஸ்கட் இருந்துருக்குது."

தங்கை கண்மணி எழுதினாள்: 'நீ வர முடியலன்னா பரவால்ல அண்ணா. புரட்டாசி அமாவாசைக்கு ஒரு மாட்டுக்கு அகத்திக்கீரை குடுத்துரு. அம்மாவுக்குப் போய்ச் சேந்துரும்.' சந்தையில் அகத்தி கட்டுக்கட்டாகக் கிடைக்கிற ஊரில் உட்கார்ந்து எழுதியது. ஹனோவரைச் சுற்றி மாடு உண்டு, அகத்தி ஏது? விதை அனுப்பச் சொன்னார். பஞ்சில் சுற்றிய பன்னிரண்டு விதை கடிதத்துக்குள் வந்து சேர்ந்தது.

அதற்கு முன் அவர் ஒரு வெந்தயம்கூட முளைக்கப் போட்டதில்லை. ஊருக்குப் புதுசு, குளிருமே என்று நாலு விதையை வெந்நீரில் ஊறப் போட்டார், வெந்துபோயின. மீதி எட்டில் ஐந்து முளைத்தது. ஜன்னலில் வைத்த மூன்று கன்று மே மாதக் குளிரில் கறுத்தது. மிஞ்சின இரண்டும் பீரோவுக்குள் போனது அப்போதுதான். வைத்த விளக்கை அவர் அணைக்கவே இல்லை. "இருட்டுல உட்டா பயப்படாதுங்களா?" பத்தே நாளில் இலை வெளுத்தது.

ஓயாமல் எரிகிற வெளிச்சத்தைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, மேல்மாடி ஹோல்கர் வந்து தட்டினார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கும். பீரோவுக்குள் பார்த்ததும் சிதம்பரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அட, நீயுமா!" அவருடைய பீரோவிலும் ஒரு செடி வளர்ந்தது. அவருக்கும் அதுதான் முதல் தடவை. அது கஞ்சாச் செடி. இதைச் சிதம்பரம் சொன்னபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த மனிதரால்தான் அகத்தி பிழைத்தது. பீரோவின் உள்பக்கம் முழுக்க வெள்ளித்தாள் ஒட்டிக் கொடுத்தார். "பொழுது சாய்ந்தால் விளக்கை அணையப்பா. தூங்காத பிள்ளை எங்கே வளரும்?" என்று ஏசினார். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், இலையெல்லாம் கை கூப்பின மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. "சாமி கும்புடுதுங்க்கா!" என்று அடுத்த ஞாயிறு என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. செடி உயர உயர விளக்கையும் உயர்த்த, லேத்தில் ஒரு திருகு கடைந்து மாட்டினார்.

இத்தனையும் எதற்கு என்று ஹோல்கர் ஒருநாள் கேட்டார். மாட்டுக்கு என்றதும் கட்டிலில் விழுந்து சிரித்தார். "மாட்டுக்கா! மாட்டுக்கா!" சிதம்பரத்துக்கு அவ்வளவு ஜெர்மன் வராது. செத்துப்போன அம்மாவுக்கு என்று இரண்டே வார்த்தையில் சொன்னார். சிரிப்பு நின்றது. மறுநாள் ஹோல்கர் இன்னொரு டியூப் லைட் கொண்டுவந்து அவரே மாட்டிவிட்டுப் போனார். ஆவணியில் அவருடைய செடி ஆண் செடி என்று தெரிந்தது, புகைக்க உதவாதாம். "உன் மாடு இதையும் தின்னுமா?" என்று சோகமாகக் கேட்டாராம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு உருளைக்கிழங்கு போடுகிற மைனகே அம்மாவுக்கு ஊருக்கு வெளியே பண்ணை. அவரிடம் நான்தான் கேட்டு வைத்தேன். அமாவாசை சனிக்கிழமையில் வந்தது. சிதம்பரம் பச்சைத் தண்ணீரும் குடிக்காமல், இரண்டு செடியின் இலையையும் கையாலேயே கிள்ளி, ஈரத் துணியில் பொதிந்துகொண்டு வந்தார். பிரித்துக் காட்டினபோது ஒரே ஒரு பிடிதான் இருந்தது. ஐந்து மாதப் பாடு.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. "கறவை மாடு. விஷம் இல்லையே?" என்றார் மைனகே அம்மா. சிதம்பரம் ஓர் இலையைத் தின்று காட்டினார். அந்த அம்மாவும் ஒன்றை மென்று, முகத்தைச் சுளித்துத் துப்பினார். லீசல் என்கிற கறுப்பு வெள்ளைப் பசுவைக் காட்டினார்.

லீசல் கீரையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் அந்தப் பக்கம் போய் நீட்டினார். இந்தப் பக்கம் திருப்பியது. மூன்றாம் தடவை நாலு அடி தள்ளியே போய்விட்டது.

"அம்மாவுக்குக் கோபமுங்க்கா. வாங்க மாட்டேங்கறாங்க."

எனக்கு வேறு சாமி. பையில் இருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். பீட்ரூட் தழையோடு கலந்து கொடுத்தால் தின்றுவிடும் என்று மைனகே அம்மா சொன்னார். அதைத் தமிழில் சொன்னேன். "வேண்டாமுங்க. ஏமாத்திக் குடுத்தது மாதிரி ஆயிரும்."

பிறகு அவர் அந்த ஈரப் புல்லில், கோட்டோடு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கை நீட்டியபடியே இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தந்திக்காரன் மேல தப்பு இல்லம்மா. எல்லார்கிட்டயும் அவனத்தான் சொல்லிட்டிருக்கேன். அப்ப ரூம் மாறி மூணு மாசம். நான் உனக்கு ஒரு காயிதம் போடல. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு இருந்துட்டேன். புது விலாசம் உனக்குத் தெரியாதும்மா. என் தப்புத்தான்."

இதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. நான் மைனகே அம்மாவைப் பார்த்தேன். ஒரு சொல்லும் புரியாத அந்த அம்மா, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆள் குனிந்து உட்கார்ந்ததால் பயம் தெளிந்ததோ என்னவோ, லீசல் மெல்லத் திரும்பி வந்தது. அவர் தலையை மோந்தது. தோளை மோந்தது. அப்புறம் நாக்கை நீட்டி அந்தப் பிடியை அப்படியே சுருட்டி வாய்க்குள் இழுத்தது. காம்பு ஒன்றுகூட விடவில்லை. தின்று முடித்து, வெறும் உள்ளங்கையை மணிக்கட்டு வரைக்கும் நக்கியது. அவர் அசையவில்லை.

பஸ்ஸுக்கு நடக்கையில் மழை வலுத்தது. துடைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்று கைக்குட்டையைக் கொடுத்தேன். இடக்கையால் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாடு நக்கின வலக்கையை, மழை பட்டுவிடாமல், கோட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தார்.