பெஞ்சில் ஓட்டாத எஞ்சின்

சித்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சரிசெய்த மோட்டாரை பெஞ்சில் ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது.

என் மாடல் விமானத்துக்கு ஆன்லைனில் மலிவாக ஒரு குளோ எஞ்சின், எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சின், வாங்கினேன். புது எஞ்சினைத் தரையில் கட்டி, நாலைந்து டேங்க் எரிபொருள் தீரும்வரை மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். அந்த ஞாயிறு, கங்காதர நெல்லூர் பக்கத்து வறண்ட ஏரிக்குப் போய்ச் சேரவே நாலு மணி.

"நாலரைக்கு ராகுகாலம் வந்துடும் மாமா. எலுமிச்சம்பழம் கட்டி பூஜை போட்டாச்சு, ஏத்திடு" என்றான் என் மச்சினன் தாமு. விற்றவனும், "டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்பறோம்" என்று சொல்லியிருந்தான். தரையில் ஓட்டிப் பழக்காமலே விமானத்தை வானில் ஏற்றிவிட்டேன்.

இரண்டாவது சுற்றில் எஞ்சின் சூடேறி நடுவானில் நின்றது. கரையோரக் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு சாண் தள்ளி விமானம் மண்ணில் குத்தியது.

"எலுமிச்சம்பழம் கட்டத் தெரிஞ்சுதே, கீழ ஆளு வேலை செஞ்சிக்கினு இருக்குதேன்னு பாத்தியா?" என்று அவர் கத்தினார்.

விற்றவனைக் கேட்டால், "தரையில வச்சு டெஸ்ட் பண்ணப்ப ஓடுச்சில்ல சார்?" என்கிறான். வெட்கம் கெட்டவன்!

இப்போது எந்த எஞ்சினையும் கடை பெஞ்சில் ஐந்து டேங்க் ஓட்டிய பிறகே விமானத்தில் பூட்டுகிறேன். கொல்லையில் ஆள் இருந்தால் பறக்கவிடுவதே இல்லை. தாமு நேரம் பார்க்க ஆரம்பித்தால், கையை ஒரு சாண் விரித்துக் காட்டுகிறேன்.